சிறுத்துப்போன கையெழுத்து

எண்பதுகளில் நான் பென்ஷன் பிரிவில் குமாஸ்தா. ஒரு பெரியவரின் ஆயுள் சான்றிதழை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அவரே நேரில் வந்து என் மேசை முன் நின்று கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்து பெரிதாக இருந்தது, போகப்போக எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துவிட்டது. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு முறை அவரை அலைய வைத்தேன்.

இருபத்தைந்து வருடம் கழித்து என் அண்ணன் சொன்னார்: "தம்பி, எழுத ஆரம்பிக்கும்போது சரியாத்தான்டா இருக்கு. வரி முடியறதுக்குள்ள கை சுருங்கிப் போயிடுது." நடையும் மெதுவாகிவிட்டது. சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆனது. வயதுதான் காரணம் என்றோம், சோம்பல் என்றும் சொன்னோம். நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "கை நடுங்கவே இல்லையே, டாக்டர்?"

இதே கேள்விக்கு நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே பாரிசில் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

1817-இல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறு நூல் எழுதினார். ஆறே ஆறு நோயாளிகள். அவர்களில் சிலரைத் தெருவில் கண்டு கவனித்ததுதான். குனிந்த உடம்பு, ஓட்டமாக மாறும் நடை, ஓய்வாக வைத்திருந்தாலும் ஆடும் கை ஆகியவற்றைப் பார்த்து 'நடுக்குவாதம்' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

அந்த நூலை உலகம் அதிகம் கண்டுகொள்ளவில்லை. அதற்கு உரிய மரியாதை தந்தவர் பாரிசின் சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்த ஷான் மர்த்தேன் ஷர்கோ. எங்கள் பள்ளியில் கற்ற பிரெஞ்சு இந்த வயதில் எனக்கு உதவியது இங்கேதான். ஷர்கோவின் வாதம் எளியது: எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருப்பதில்லை, தசையின் பலமும் போய்விடுவதில்லை, ஆகவே 'நடுக்குவாதம்' என்ற பெயர் பொருந்தாது. விறைப்பும் மந்தமும்தான் பலரைப் படுத்துகின்றன. அதனால் கண்டுபிடித்தவர் பெயராலேயே 'மலாதி த பர்கின்சோன்' என்று அழைக்கச் சொன்னார். நாம் தமிழில் இன்னும் நடுக்குவாதம் என்றே சொல்கிறோம். என் அண்ணனை நாங்கள் அடையாளம் காணாததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. 1919-இல் ரஷ்யரான திரெத்தியாகோஃப், பாரிசில் தன் ஆய்வேட்டில் இடத்தைக் காட்டினார். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. பார்க்கின்சன் நோயாளிகளிடம் அங்கிருந்த செல்கள் அழிந்து, அந்தக் கறுப்பே வெளுத்திருந்தது. ஆனால் அந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

டோபமின் என்ற பொருளை 1910-லேயே லண்டனில் தயாரித்துவிட்டார்கள். ஆனால் அது வேறொரு பொருளுக்கு வெறும் இடைப்படி என்றே நினைத்தார்கள். அதன் மூலப்பொருள் எல்-டோபா. 1913-இல் குக்கன்ஹைம் என்ற சுவிஸ் ரசாயனர் ஒருவகை அவரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். தானே இரண்டரை கிராம் விழுங்கிப் பார்த்து வாந்தி எடுத்தார். 1937-இல் நம் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தார்கள். கையில் இருப்பது எதற்கு மருந்து என்று அன்று எவருக்கும் தெரியவில்லை.

முடிச்சு அவிழ்ந்ததற்கு நம் நாட்டு வேர் ஒன்று உதவியது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின், ஐம்பதுகளில் ரத்தக் கொதிப்புக்குப் பெரிய மருந்து. அதைச் சாப்பிட்ட சிலர் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல விறைத்துப்போனார்கள். ஸ்வீடனில் அர்வித் கார்ல்சன் 1957-இல் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாடின. டோபமின் வெறும் இடைப்படி அல்ல, அதுவே மூளையில் செய்தி கொண்டுபோகும் பொருள் என்றார் கார்ல்சன். முதலில் பலர் ஏற்கவில்லை. 2000-இல் நோபல் பரிசு வந்தது.

வியன்னாவில் ஹோர்னிக்கியேவிச் என்பவர் எரிங்கர் என்ற இளைஞருடன் சேர்ந்து, இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார். டோபமின் இருந்தால் திரவம் இளஞ்சிவப்பாக மாறும். மற்றவர்கள் மூளையில் நிறம் வந்தது, பார்க்கின்சன் நோயாளிகள் மூளையில் ஏறக்குறைய வரவேயில்லை. அது 1960. மறு வருடமே பிர்க்மாயர் என்ற டாக்டருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி போட்டுப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். சில மணி நேரத்தில் பலன் தீர்ந்துவிட்டது. 1967-இல் நியூயார்க் மாநிலத்தில் கோட்சியாஸ், வாய்வழியே சிறு அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால் நிலைக்கும் என்று காட்டினார்.

டோபமினையே கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழையாது, எல்-டோபா நுழையும். உள்ளே போய் டோபமினாக மாறும். வழியிலேயே மாறிவிட்டால்தான் குமட்டல். அதைத் தடுக்கவே இன்றைய மாத்திரையில் கார்பிடோபா சேர்க்கிறார்கள்.

அண்ணனுக்கு அந்த மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் பழைய அளவில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். ஆறேழு வருடம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே கை கால் நின்றுபோகும். மருந்து குறையை நிரப்புகிறதே தவிர, செல்கள் அழிவதை நிறுத்துவதில்லை. அவர் போய் ஐந்து வருடமாகிறது.

நண்பர்களே, வீட்டில் யாருக்காவது எழுத்து சிறுத்து, நடையில் ஒரு கை வீசாமல், முகம் மரத்தாற்போல் இருந்தால், நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பூனைக்காலிப் பொடியை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பென்ஷன் பெரியவரின் பெயர் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.