அட்வெஞ்சர் பைக் வாங்கப் போறீங்களா? ஹிமாலயன், கேடிஎம், அப்பாச்சி... யாருக்கு எது செட் ஆகும்?

லடாக் வீடியோ பார்த்துவிட்டு அட்வெஞ்சர் பைக் வாங்கக் கிளம்புபவர்கள் பலர். ஆனால் வாங்கிய பைக் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடப்போவது ஆபீஸ் டிராஃபிக்கில்தான். அதனால் எந்த பைக்குக்கு பவர் அதிகம் என்பதை விட, உங்கள் ரோடு எது, உங்கள் உயரம் எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

மூன்றிலும் என்ன இருக்கு?

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 2023 நவம்பரில் அறிமுகமானது. 452 சிசி என்ஜின், 40 பிஎஸ் பவர், 40 என்எம் டார்க். டேங்க் 17 லிட்டர். எடை 196 கிலோ.

கேடிஎம் 390 அட்வெஞ்சர்: 2025 ஜனவரியில் வந்த புதிய மாடலில் 399 சிசி என்ஜின், 46 பிஎஸ், 39 என்எம். டேங்க் 14.5 லிட்டர்.

டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300: 2025 அக்டோபரில் வந்தது. 299 சிசி என்ஜின், 36 பிஎஸ், 28.5 என்எம். எடை 180 கிலோ.

பவரில் கேடிஎம் முன்னணி. ஆனால் ஹிமாலயனின் முழு டார்க் 5,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். கேடிஎம்மில் 6,500, அப்பாச்சியில் 7,000 வரை போக வேண்டும். லக்கேஜோடு மெதுவாக மேடு ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஹைவேயில் விரட்டி ஓட்டுபவர்களுக்கு கேடிஎம்தான் பிடிக்கும்.

21 இன்ச்சா, 19 இன்ச்சா?

ஹிமாலயனுக்கும் 390 அட்வெஞ்சருக்கும் முன் சக்கரம் 21 இன்ச். கல், குழி, ஓடை எல்லாம் சுலபமாக ஏறி இறங்கும். அப்பாச்சிக்கும், கேடிஎம்மின் எக்ஸ் வேரியண்ட்டுக்கும் 19 இன்ச் அலாய் வீல். தார் ரோட்டு வளைவில் இவை சட்டென்று திரும்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். அந்த மாதிரி ட்ரிப்புக்கு 19 இன்ச்சே தாராளம்.

பஞ்சர் விஷயத்தையும் மறக்க வேண்டாம். அலாய் வீலில் ட்யூப்லெஸ் டயர் வரும், ரோட்டோரத்திலேயே ஒட்டிவிடலாம். ஸ்போக் வீல் என்றால் ட்யூப் உள்ளதா, ட்யூப்லெஸ்ஸா என்று வேரியண்ட் வாரியாகக் கேட்டு வாங்குங்கள். நடுக்காட்டில் ட்யூப் மாற்றுவது சின்ன வேலை இல்லை.

சிசி தாண்டினால் செலவும் தாண்டும்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 40 சதவீதம். இன்சூரன்ஸும் அப்படித்தான். 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, புது பைக்கிற்கான 5 வருட தேர்ட் பார்ட்டி பிரீமியம் 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350 சிசிக்கு மேல் 15,117 ரூபாய். ஷோரூம் விலையை மட்டும் பார்த்து இஎம்ஐ கணக்குப் போட்டால் இடிக்கும். ஆன்ரோடு விலையோடு ஹெல்மெட், ஜாக்கெட், கிராஷ் கார்டு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால் எட்டுதா?

மூன்றுக்கும் சீட் உயரம் 825 மி.மீ. அல்லது அதற்கு மேல். உயரம் குறைவானவர்களுக்கு சிக்னலில் நிற்பதே கஷ்டமாகலாம். அட்வெஞ்சர் பைக் பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் சாயும். ஷோரூமில் உட்கார்ந்து போட்டோ எடுத்தால் போதாது. பைக்கை பின்னால் உருட்டிப் பாருங்கள், லேசான மேட்டில் நிறுத்தி கால் ஊன்றிப் பாருங்கள், பின்னால் ஒருவரை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

அப்போ எதை வாங்கலாம்?

மண் ரோடு, மலை, நாள் கணக்கில் நீளும் பயணம் என்றால் ஹிமாலயன். வேகமும் ஆஃப்ரோடும் சேர்ந்து வேண்டும், ஓட்டி அனுபவமும் இருக்கிறது என்றால் கேடிஎம். தினமும் ஆபீஸ், மாதம் ஒரு மலை ட்ரிப், பட்ஜெட்டும் முக்கியம் என்றால் அப்பாச்சி.

எதை எடுத்தாலும் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.