புகைப்படக்காரரின் கம்பெனிப் பற்று



கல்யாண வீடுகளில் இதை நாம் பார்த்திருப்போம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு புகைப்படக்காரரை அழைத்திருப்பார்கள். பெண் வீட்டார் இன்னொருவரை அழைத்திருப்பார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது இருவரும் ஒரு தூணோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். மணமக்களைப் பற்றிய பேச்சாக அது இராது. "நீங்க நிக்கோனா அண்ணே? நமக்குக் கேனன்தான், ஆரம்பத்திலேருந்து" என்று தொடங்கிச் சற்று நேரத்தில் குரல் உயர்ந்துவிடும். இரண்டு கட்சிக்காரர்கள் தேர்தல் காலத்தில் பேசுவது போல இருக்கும்.

ஒரு கருவியின் மீது மனிதருக்கு ஏன் இத்தனை பற்று? இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடலாமா? இன்றைய பேச்சில் வரலாற்றைக் கொண்டு இதை ஆராய்வோம். நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் பற்று மனத்தில் பிறப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அதில் பெரும்பகுதி கேமராவின் முகப்பில் உள்ள ஓர் உலோக வளையத்தில் பிறக்கிறது.

கேமரா ஒரு மரப்பெட்டியாக இருந்த காலத்தில் பெட்டியை ஒருவர் செய்வார். லென்ஸை வேறொருவர் கடைவார். கண்ணாடித் தகட்டை மற்றொருவர் விற்பார். வாடிக்கையாளரை முதன்முதலில் ஒரே கம்பெனியோடு நன்றாகக் கட்டிப்போட்டவர் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் எனலாம். 1888-ஆம் ஆண்டு அவர் விற்ற கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருக்கும். சுருள் தீர்ந்ததும் கேமராவையே ரோச்செஸ்டர் நகரிலிருந்த அவருடைய தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டணத்துக்குப் படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. பற்று என்ற சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் உண்டு, கணக்கில் கடன் என்றும் பொருள் உண்டு. புகைப்படக்காரரின் பற்றிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இனி வளையத்தின் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்னும் ஊரில் லைட்ஸ் என்ற கம்பெனி இருந்தது. அங்கு வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் என்பவர் சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு கேமராவை உருவாக்கினார். 1925-இல் விற்பனைக்கு வந்த அதன் பெயர் லைக்கா. சில ஆண்டுகளில் அதன் லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டும் வசதியும் வந்தது. தூரத்தில் உள்ளதை அருகில் காட்ட ஒன்று, கூட்டத்தை முழுவதுமாக அடக்க ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். போத்தல் மூடியைத் திருகுவது போல லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். அந்தத் திருகு மரையின் குறுக்களவு 39 மில்லிமீட்டர். அதே மரையை எவர் வெட்டினாலும் அவருடைய லென்ஸ் லைக்காவில் ஏறிவிடும். இந்தச் சிறு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் 1917-இல் நிப்பான் கோகாக்கு என்ற கம்பெனி தொடங்கப்பெற்றது. கடற்படைக்கான தொலைநோக்கிகளும் தூரம் அளக்கும் கருவிகளும் அதன் தொழில். இன்று நிக்கோன் என்று நாம் அழைப்பது அதனைத்தான். 1930-களில் தோக்கியோவில் சில இளைஞர்கள் கேமரா செய்யப் புறப்பட்டார்கள். அவர்கள் தொடங்கிய சிறு பட்டறைதான் பின்னாளில் கேனன் ஆயிற்று. அவர்களுக்குக் கேமரா செய்யத் தெரிந்ததே தவிர லென்ஸ் செய்யத் தெரியாது. ஆகவே 1936-இல் கடைக்கு வந்த முதல் கேனன் கேமராவில் பொருத்தப்பட்டிருந்தது நிக்கோர் லென்ஸ். அதாவது நிக்கோன் கம்பெனியின் லென்ஸ்! தூணோரம் நின்று சண்டையிடும் இருவருக்கும் இது தெரிந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவேளை கூடினாலும் கூடலாம்.

போருக்குப் பின் உலகம் ஜெர்மன் கேமராவையே நம்பியது. ஜப்பான் சாமான் மட்டமானது என்பது பரவலான எண்ணம். மலாயாவில் அதைவிடக் கசப்பான காரணமும் இருந்தது. ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன ஆட்சி 1945-இல்தான் முடிந்திருந்தது. அந்தப் பெயர் பொறித்த ஒரு பொருளை எடுத்துக் கொஞ்சுவதற்கு இங்கே யாருக்கு மனம் வரும்?

இந்த நிலையில் 1950-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையைச் சேர்ந்த டேவிட் டக்ளஸ் டங்கன் என்னும் படப்பிடிப்பாளர் தோக்கியோவில் இருந்தார். ஜுன் மிக்கி என்ற ஜப்பானியப் படப்பிடிப்பாளர் நிக்கோர் லென்ஸால் அவரைப் படம் எடுத்துக் காட்டினார். படத்தின் துல்லியத்தைக் கண்டு டங்கன் வியந்துபோனார். உடனே அந்தத் தொழிற்சாலைக்கே போய் லென்ஸுகளைச் சோதித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டது. டங்கன் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றது தம் பழைய லைக்காவைத்தான். ஆனால் அதன் முகப்பில் இருந்தவை நிக்கோர் லென்ஸுகள். மற்றப் பத்திரிகையாளர்களும் அவரைப் பின்பற்றினர். டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழே இந்த ஜப்பானியக் கருவிகளைப் பற்றி எழுதியது.

ஜெர்மன் பெயரின் மீது வேரூன்றியிருந்த நம்பிக்கை இத்தனை விரைவில் ஆடிப்போனது எப்படி? படம் நன்றாக இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த 39 மில்லிமீட்டர் மரை. டங்கன் தம் கேமராவைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. ஒரு லென்ஸை வாங்கித் திருகிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. கதவு திறந்திருந்ததால்தான் புது மனிதர் உள்ளே வர முடிந்தது.

உள்ளே வந்தவர் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். 1959-இல் நிக்கோன் எஃப் என்ற கேமரா வந்தது. அதில் திருகு மரை இல்லை. லென்ஸைச் செருகிச் சற்றே திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். வேகமான வேலைக்கு அது மிக வசதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பூட்டின் வடிவம் நிக்கோனுக்கே உரியது. கேனன் தனக்கென வேறொரு பூட்டு வைத்தது, மினோல்ட்டா வேறொன்று. ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுக்கு ஆகாது என்ற நிலை வந்துவிட்டது.

தொழில் செய்யும் புகைப்படக்காரரின் கணக்கை எண்ணிப் பாருங்கள். முதலில் ஒரு கேமராவும் ஒரு லென்ஸும் வாங்குகிறார். நாலு கல்யாணம் எடுத்துச் சேர்த்த பணத்தில் இரண்டாவது லென்ஸ். மறு ஆண்டு மூன்றாவது. அப்புறம் பளிச்சென்று வெளிச்சம் வீசும் விளக்கு. பத்தாண்டுகளில் அவர் கையில் சேர்ந்திருப்பது ஒரு சிறு நிலம் வாங்கும் அளவுக்கான முதல். அத்தனையும் ஒரே வளையத்துக்குப் பொருந்துபவை. வேறு கம்பெனி நல்ல கேமரா ஒன்றை வெளியிட்டால் அவர் மாறலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு மாற வேண்டும். மாறாமல் இருப்பதற்கு அவர் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா? கடன் என்று சொல்வதைவிட அன்பு என்று சொல்வது கௌரவமாக இருக்கிறது.

பணம் மட்டும்தானா என்றால் இல்லை. கையும் ஒரு காரணம். பால் வெட்டும் கத்தியைப் பிறரிடம் இரவல் வாங்கி வெட்டியவர்களுக்கு இது விளங்கும். கத்தி கூர்மையாகவே இருந்தாலும் பட்டையின் ஆழம் கைக்குப் பிடிபடாது. கேமராவும் அப்படியே. நிக்கோனில் லென்ஸைப் பூட்டத் திருப்பும் திசை ஒன்று. கேனனில் அதற்கு நேர் எதிர்த்திசை. படத்தைத் தெளிவாக்கத் திருப்பும் வளையமும் அவ்வாறே எதிரெதிராகச் சுழலும். மாலை மாற்றும் கணம் மறுபடி வராது. அந்த வேளையில் கண் மணமக்களைப் பார்க்க வேண்டும்; விரல் தானே திருப்ப வேண்டும். இருபது ஆண்டு பழகிய விரலை இன்னொரு பக்கம் திருப்பச் சொல்வது எளிதா?

சுற்றி இருப்பவர்களும் ஒரு காரணம். வீட்டில் பிள்ளை யாராவது புகைப்படத் தொழிலுக்குப் போக ஆசைப்பட்டால், கடைக்காரர் சொல்வதைக் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம். ஊரில் அந்தத் தொழில் செய்யும் அண்ணன்மார் எதை வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அவசரத்துக்கு லென்ஸ் இரவல் கிடைப்பதும், பழுது பார்ப்பவர் அருகில் இருப்பதும், கேமராவின் நுணுக்கங்களைவிடப் பெரிய உதவி. கம்பெனிகள் இதை நன்றாக அறிந்தவை. ஒலிம்பிக் போன்ற பெரும் பந்தயங்களில் நிக்கோனும் கேனனும் தனித்தனிக் கூடம் அமைத்து, தம் கருவியை வைத்திருக்கும் படப்பிடிப்பாளர்களுக்குப் பழுது பார்த்துக் கொடுக்கும். லென்ஸ் இரவலும் தரும். அப்படி உதவி பெற்றவர் ஊர் திரும்பி என்ன பேசுவார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

வியட்நாம் போர்க் காலத்தில் நிக்கோன் எஃப் பெரும் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் படப்பிடிப்பாளர் டான் மெக்கல்லின் கம்போடியாவில் இருந்தபோது, பாய்ந்து வந்த துப்பாக்கிக் குண்டை அவருடைய நிக்கோன் தாங்கிக்கொண்டது. இத்தகைய கதையைக் கேட்டவர்களுக்கு, கேமரா ஒரு கருவி என்பதையும் தாண்டிக் காவல் தெய்வமாகிவிடுகிறது.

புகைப்படக்காரர் காட்டும் இந்த விசுவாசத்துக்குக் கம்பெனியின் பதில் எப்படி? இதைக் கேனன்காரர்கள் 1987-இல் அறிந்தார்கள். தானாகவே குவியம் கொள்ளும் கேமராவை 1985-இல் மினோல்ட்டா வெளியிட்டுப் பெருவெற்றி கண்டது. மற்றவர்களும் ஓட வேண்டியதாயிற்று. நிக்கோன் பழைய வளையத்தை வைத்துக்கொண்டே சமாளித்தது. கேனனோ லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்து, மின்சாரத் தொடர்பால் மட்டும் இயங்கும் பெரிய புது வளையம் ஒன்றை அமைத்தது. பழைய எஃப்.டி. லென்ஸுகள் புதுக் கேமராவில் ஏறா. இடையில் வேறொரு வளையத்தைச் செய்து மாட்டலாமே என்றால், அதற்கும் இடமில்லை. பழைய லென்ஸ் பிலிமிலிருந்து 42 மில்லிமீட்டர் தொலைவில் நிற்க வேண்டியது. புதுக் கேமராவில் அந்தத் தொலைவு 44. இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அருகில் இருப்பது தெரியும். எட்ட இருக்கும் மலை தெளிவாக விழாது.

ஆண்டுக்கணக்கில் லென்ஸ் சேர்த்தவர்களின் முதல் ஒரே அறிவிப்பில் மதிப்பிழந்தது. பலர் மனம் நொந்தனர். சிலர் கோபத்தில் நிக்கோனுக்குப் போனார்கள். ஆனால் அந்தப் புது வளையம் தொழில்நுட்பத்தில் சிறந்ததே. 1990-களில் விளையாட்டுத் திடல்களின் ஓரத்தில் கேனனின் வெள்ளை நிற நீண்ட லென்ஸுகள் கொக்குக் கூட்டம் போல வரிசையாகத் தெரிந்தன. வெயிலில் சூடேறாதிருக்க வெள்ளை பூசினார்கள். பிறகு அதுவே சங்கத்தின் சின்னம் போல ஆகிவிட்டது. கேனன் செய்தது வியாபாரத்தில் சரி. ஆனால் அந்தச் சரிக்கான விலையைக் கொடுத்தவர் சிறு புகைப்படக்காரர் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

நம் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரோலை என்பது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பெயர்பெற்ற கம்பெனி. அங்குக் கூலி உயர்ந்ததால் 1970-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பெரிய தொழிற்சாலை கட்டிற்று. 1973-இல் அரசாங்கத்தோடு சேர்ந்து பயிற்சி நிலையமும் தொடங்கியது. உள்ளங்கையில் அடங்கும் ரோலை 35 என்ற அழகிய கேமரா முதலில் ஜெர்மனியிலும், பின்னர் சிங்கப்பூரிலும் உருவாயிற்று. அடியில் பொறித்த ஊர்ப் பெயரைப் பார்த்தே பலர் விலை பேசினார்கள். ஜெர்மனியில் செய்தது என்றால் இன்றும் கூடுதல் விலை; சிங்கப்பூரில் செய்தது என்றால் குறைந்த விலை. நம் வட்டாரத்து இளைஞர்களும் பெண்களும் கண்ணாடியைத் துடைத்து, திருகாணி முடுக்கிச் செய்த கேமராவிலும் படம் நன்றாகவே விழுந்தது. கைக்கு மதிப்பில்லை, பெயருக்குத்தான் மதிப்பு என்பது தோட்டத்தில் உழைத்தவர்கள் அறியாத செய்தியன்று. 1981-இல் ரோலை நொடித்துப் போய்த் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ரோலையின் தனி வளையத்தை நம்பி லென்ஸ் வாங்கியவர்களோ, ஆளில்லாத வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவர்கள் போல ஆனார்கள்.

இப்போது காலம் மீண்டும் மாறியிருக்கிறது. 2018-இல் நிக்கோனும் கேனனும், உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராக்களுக்காகத் தத்தம் வளையங்களை மாற்றின. 1959 முதல் மாற்றாதிருந்த நிக்கோனும் மாற்றியது பலருக்கு வியப்பு. புது நிக்கோனில் வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 16 மில்லிமீட்டர்தான், கேனனில் 20. ஆகவே எந்தப் பழைய லென்ஸுக்கும் பின்னால் இடைவளையம் வைக்க வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. மலிவான இடைவளையங்கள் கடைகளில் விற்கின்றன. 1987-இல் கைவிடப்பட்ட கேனன் லென்ஸையும், 1981-இல் அநாதையான ரோலை லென்ஸையும் இன்று நிக்கோன் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கிறார்கள். குவியத்தை மட்டும் கையால் திருப்ப வேண்டும். அந்தக் கேனன் லென்ஸ் நிக்கோனில் ஏறிய பிறகும் கேனன்காரர் பழகிய திசையிலேயே திரும்புகிறது.