பேட்ஸி க்ளைன்: 30 வயதில் மறைந்த பாடகி... அன்று நடந்தது என்ன?

அமெரிக்காவின் கண்ட்ரி இசையில் பேட்ஸி க்ளைன் குரலுக்கு இன்னைக்கும் தனி மவுசு. 1963 மார்ச் 5-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30.

யார் இவர்?

1932-ல் வர்ஜீனியா மாநிலம் வின்செஸ்டரில் பிறந்தவர். 1961 ஜூனில் கார் விபத்தில் படுகாயம். ஆனாலும் இரண்டே மாதத்தில் ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்து, வில்லி நெல்சன் எழுதிய 'கிரேஸி' பாடலைப் பதிவு செய்தார். அதுவே அவரது அடையாளமானது.

விபத்து எப்படி?

கன்சாஸ் சிட்டியில், கார் விபத்தில் இறந்த வானொலி தொகுப்பாளரின் குடும்பத்துக்காக நிதி திரட்டும் கச்சேரியில் பாடிவிட்டு, நாஷ்வில் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டில் 2 சின்னக் குழந்தைகள். வழியில் டயர்ஸ்பர்க்கில் இறங்கியபோது வானிலை மோசம். 'ராத்திரி தங்கிட்டுப் போங்க' என விமான நிலைய மேலாளர் சொல்லியும் குட்டி விமானம் கிளம்பியது.

அதை ஓட்டியவர் மேனேஜர் ராண்டி ஹியூஸ். வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதிச் சான்று அவருக்கு இல்லை. கட்டுப்பாட்டை இழந்த விமானம் கேம்டன் அருகே காட்டில் விழுந்தது. பாடகர்கள் கௌபாய் கோபாஸ், ஹாக்‌ஷா ஹாக்கின்ஸ் உட்பட 4 பேரும் பலி.

10 ஆண்டு கழித்து, 1973-ல், கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்த முதல் தனிப் பாடகி ஆனார் பேட்ஸி.