கண் எங்கே போகிறது?

உளுந்தூர்பேட்டையில் ஒரு பிற்பகல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். கடைத் திண்ணையில் ஒரு கிழவி, முறத்தில் கறுப்பு உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உளுந்தும் கறுப்பு, கல்லும் கறுப்பு. குனிந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அவள் விரலோ நேரே கல்லின் மேல்தான் போய் விழுந்தது.

"எப்படி ஆயா தெரியுது?" என்று கேட்டேன்.

"கல்லு எப்படி இருக்கும்னு தெரிஞ்சா, கண்ணு தானா போவும் தம்பி" என்றாள்.

எனக்கு இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவு வந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-இல் சேர்ந்த ஆங்கிலேயர் அவர். 1863 மே 30-ஆம் தேதி, பல்லாவரத்துக் கவாத்து மைதானத்தருகே, செம்மண் சரளை தோண்டிய குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதம்! பழைய கற்காலக் கருவி என்று அறிந்து இந்தியாவில் முதன்முதலாக எடுக்கப்பட்டது அதுதான்.

அந்தச் சரளையை அதற்குமுன் எத்தனை கண்கள் பார்த்திருக்கும்! தோண்டியவர்கள் பார்த்தார்கள், சுமந்தவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு அது பாதையில் கொட்டும் சரளை, அவ்வளவுதான். ஃபூட்டின் கண்ணை அங்கே திருப்பியது, பிரான்சிலிருந்து வந்த ஒரு செய்தி. சோம் நதிக்கரையில் பூஷே தெ பெர்த் என்ற சுங்க அதிகாரி பல்லாண்டுகளாகக் கல்லாயுதங்களைத் திரட்டிவந்தார். 1859-இல் பிரெஸ்ட்விச்சும் இவான்ஸும் நேரில் போய்ப் பார்த்து, அவர் சொன்னது உண்மையே என்றார்கள். அதைப் படித்த மனத்தோடுதான் ஃபூட் குழிக்குள் குனிந்தார்.

வழி தெரிந்த கண்ணுக்கு அப்புறம் தடை ஏது? அதே ஆண்டு செப்டம்பரில், வில்லியம் கிங்கும் அவருமாக அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

ஆனால், கற்றது கண்ணைக் கட்டுவதும் உண்டு. பூஷே தெ பெர்த் காட்டிய கற்களைப் பெரிய பெரிய அறிஞர்களே பல ஆண்டுகள் ஏற்க மறுத்தார்கள். மனிதன் அத்தனை பழையவன் அல்லன் என்று அவர்கள் ஏற்கெனவே கற்றிருந்தார்களே!

இந்த யோசனையில் மூழ்கியபடியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க கேட்ட பஸ்ஸு போயிடுச்சே தம்பி!" என்றாள் கிழவி.

என் ஞாபகத்தில் இருந்த பஸ் பச்சை. மஞ்சள் பூசிக்கொண்டு, என் கண்ணெதிரேயே அது போய்விட்டிருந்தது.