கூடாரமும் தமிழும்

ராயகிரியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத் தொடர். கிழக்கே போகப் போகக் கரிசல் நிலம். மலைக்கு அப்பால் பழைய திருவிதாங்கூர். கரிசலின் பக்கம் சங்கரன்கோயில், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்கள். மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செல்லும் பெருவழி இவ்வூருக்கு அருகிலேயே செல்கிறது. அவ்வழியே படைகள் சென்றிருக்கின்றன, பொதிமாடுகள் சென்றிருக்கின்றன, சாரல் காலத்தில் அருவியாடுவோர் இன்றும் செல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே இந்தச் சீமையில் வேறொரு வகையான வழிப்போக்கர் சிலர் நடமாடினர். அவர்களிடம் படையும் இல்லை, பண்டமும் இல்லை, வரி தண்டும் அதிகாரமும் இல்லை. மாட்டு வண்டியிலே கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று தங்கிய கிறிஸ்தவச் சமயத் தொண்டர்கள் அவர்கள். அவர்களுடைய ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சமயப் பணிக்காக இளைஞரைப் பிறமொழி மக்களிடையே அனுப்பும் வழக்கம் இக்காலத்திலும் மறைந்துவிடவில்லை. 1830இல் அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில், பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன் ஒருவன் கல்லூரிப் படிப்பை நிறுத்திவைத்து, இரண்டு ஆண்டுக் காலம் தொண்டுக்குச் செல்வதுண்டு. ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே அவனை அனுப்புவதாயின், சில வாரம் அம்மொழியைக் கற்பித்து அனுப்புகிறார்கள். அவன் தனியே செல்வதில்லை. எப்போதும் ஒரு துணைவன் உண்டு. விடியலில் எழுந்து, படித்து, மொழியைப் பயின்று, பின் தெருத்தெருவாக நடந்து கதவைத் தட்டுவதே அவன் நாள். தட்டிய கதவுகளில் திறப்பவை சில. திறந்தவற்றுள் உள்ளே அழைப்பவை மிகச் சில. நூறு எண்ணூறு கல்லுக்கு அப்பாலிருந்து வந்தவன், வாயில் சரியாக வராத மொழியிலே, தன் உயிருக்கு நிகராக எண்ணும் ஒன்றை அயலாரிடம் சொல்ல முயல்கிறான். இந்தக் காட்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. இதைக் காட்டிலும் கடினமான முறையில் அது நம் கரிசல் மண்ணிலே நடந்திருக்கிறது.

ராக்லண்ட் ஐயர் 1815இல் ஸ்பெயின் நாட்டின் தென்முனையை ஒட்டிய ஜிப்ரால்டரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1841ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். கல்லூரியிலேயே இருந்திருந்தால் அமைதியான ஆசிரிய வாழ்வு அவருக்கு உறுதி. அதை விடுத்து, 1799இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராகச் சென்னைக்கு வந்தார். சென்னையில் அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் மேசை வேலை: கடிதம், கணக்கு, அறிக்கை. ஆனால், சங்கத்தின் அலுவலாகத் திருநெல்வேலிக்கு வந்து பார்த்தபோது ஒரு வேற்றுமை அவர் கண்ணில் பட்டது. தெற்கே, பனங்காட்டுப் பகுதியிலே, முதலூர் 1799இல் தோன்றிய நாள்தொட்டுக் கிறிஸ்தவ ஊர்கள் பெருகியிருந்தன, பள்ளிகள் இருந்தன, கோயில்கள் இருந்தன. வடக்கேயோ, சங்கரன்கோயில், திருவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகளில் அவை மிக அரிய. இன்று தென்காசி மாவட்டம், விருதுநகர் மாவட்டம் என்று நாம் பிரித்துச் சொல்லும் அந்நிலம் அன்று ஒரே வட திருநெல்வேலி. 1910இல்தான் சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் புதிய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தன.

உடல்நலம் குன்றித் தாய்நாடு சென்ற அவர், அங்கே தம் திட்டத்தை எடுத்துரைத்தார். ஓரிடத்தில் பங்களா கட்டிக்கொண்டு தங்குவதில்லை. கூடாரத்திலேயே வாழ்ந்து, ஊர் ஊராகச் சென்று பேசுவது. மணமாகாத இளைஞர் சிலர் வேண்டும். இதுவே திட்டம். கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர் இருவர் முன்வந்தனர். ஒருவர் டேவிட் ஃபென், மற்றவர் மெடோஸ். இவர்களுள் ஃபென் நம் பக்கத்துக்கு முற்றிலும் புதியவர் அல்லர் என்று சொல்லலாம். அவருடைய தந்தை ஜோசப் ஃபென், 1818 முதல் சில ஆண்டுகள் மலைக்கு அப்பால் கோட்டயத்திலே கல்லூரித் தலைவராக இருந்தவர். தந்தை மலைக்கு மேற்கே மலையாளத்தோடு பழகினார். மகன் மலைக்குக் கிழக்கே தமிழோடு போராட வந்தார். 1854இல் சிவகாசியை ஒட்டிய பகுதியில் பணி தொடங்கிற்று.

அவர்கள் நாள் கருக்கலில் தொடங்கும். தோப்பு ஒன்றில் கூடாரம் அடித்திருப்பார்கள். சுற்றிலும் நடந்து எட்டக்கூடிய தொலைவில் உள்ள ஊர்களே அந்த முகாமின் எல்லை. வெயில் ஏறுவதற்கு முன் அந்த ஊர்களுக்கு நடந்து செல்ல வேண்டும். காலையில் ஊர்க்காரர் எங்கே இருப்பார்கள்? கிணற்றடியில், களத்தில், ஏர் பூட்டும் இடத்தில். அறுவடைக் காலத்தில் நின்று கேட்க யாருக்கு நேரம்? ஓய்வாக இருப்போர் சாவடியில் சாய்ந்திருக்கும் முதியவரும், வெள்ளைக்காரனைப் பார்க்க ஓடிவரும் சிறுவருமே. வெயில் ஏறியதும் கூடாரத்துக்குத் திரும்பிவிடுவர். துணிக்கூரையின் கீழ் நண்பகல் எப்படி இருக்கும் என்பதைச் சித்திரை மாதத்தில் கரிசல் காட்டைக் கடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் மீண்டும் நடை, மீண்டும் பேச்சு. சில நாளில் அந்தச் சுற்றுவட்டம் முடிந்தவுடன் முளைகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றி அடுத்த தோப்புக்குப் புறப்பாடு.

நண்பகலிலே அவர்கள் மாணவராயினர். இதுவே அந்நாளின் கடினமான பகுதி என்பது என் கருத்து. 1854இல் தமிழ் கற்க வந்த ஆங்கிலேயனுக்கு இருந்த துணை நூல்கள் சிலவே. பாளையங்கோட்டையில் வாழ்ந்த இரேனியுஸ் ஐயர், திருப்பாற்கடல்நாதக் கவிராயரிடம் பாடம் கேட்டு எழுதிய இலக்கணம் இருந்தது. ராட்லரின் அகராதி இருந்தது. போப் ஐயரின் தமிழ்க் கைந்நூல் 1855இல்தான் வெளிவந்தது. வின்சுலோ அகராதி 1862இல்தான் வந்தது. நூல் இருந்தாலும் ஒரு சங்கடம் நீங்காது. ஏட்டிலே ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று படித்தவன், ஊரிலே ‘வந்துக்கிட்டிருக்காக’ என்று கேட்கும்போது திகைக்கத்தானே வேண்டும்? ழகரமும் ளகரமும் நாவைப் படுத்தும் பாடு ஒருபுறம் இருக்கட்டும். நீ, நீர், நீங்கள் என்ற மூன்றில் யாரிடம் எதைச் சொல்வது? ஸ்பானிய மொழி கற்கும் மார்மன் இளைஞனுக்கும் இவ்விடர் உண்டு. அம்மொழியில் நெருங்கியவருக்கு ஒரு சொல்லும் மதிப்புக்குரியவருக்கு ஒரு சொல்லும் வேறு வேறாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவ்வேற்றுமை வழக்கொழிந்துவிட்டது.

ஆனால், ஸ்பானிய மொழியில் இல்லாத இடர் ஒன்று தமிழில் உண்டு. ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் நமக்கு வேறு வேறு. கேட்பவனையும் சேர்த்துச் சொன்னால் நாம், விலக்கிச் சொன்னால் நாங்கள். ஆங்கிலேயனுக்கு இரண்டும் ஒரே சொல். வீட்டுப் பேச்சில் இது சிறு பிழை. சமயப் பேச்சிலோ பெரும் பிழை. மனித குலம் முழுவதையும் கருதி ஒரு வெள்ளையர், ‘நாங்கள் எல்லாரும் பாவிகள்’ என்று உருக்கமாகச் சொன்னால், கேட்டிருக்கும் குடியானவன், ‘உண்மைதான், ஐயா’ என்று மரியாதையாக ஒப்புக்கொண்டு போய்விடுவான்! ‘நாம்’ என்று சொல்லக் கற்பதற்கு இலக்கணம் மட்டும் போதாது. தன்னையும் எதிரே நிற்பவனையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கும் மனமும் வேண்டும். அம்மனம் அக்காலத்து ஐரோப்பியர் எல்லாருக்கும் எளிதாக வாய்த்ததன்று. நம் கோயில்களையும் வழிபாட்டையும் இருள் என்றே இவர்களும் எண்ணினர். அதை மறைத்துச் சொல்வது வரலாறாகாது.

கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே சிக்கல் இருந்தது. கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். பப்ரீசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. 1871இல் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு தேவன் என்ற சொல்லை ஏற்றது. பராபரன் என்று கேட்டவுடனே, தாயுமானவர் பாடலில் பழகிய காது எதை நினைக்கும்? தாம் சொல்வது வேறு என்று அந்த இளைஞர் விளக்கப் புகுந்தால், ‘எல்லாம் ஒன்றுதானே, ஐயா!’ என்ற விடையே திரும்பக் கிடைத்திருக்கும். சிவனையும் திருமாலையும் ஒரே திருமேனியில் நிறுத்திச் சங்கரநாராயணராக வழிபடும் ஊருக்கு அண்மையில் நின்று பேசுகிறோம் என்பதை அவர்கள் எந்த அளவுக்கு உணர்ந்தார்களோ!

இன்னொரு செய்தி. இவ்வளவு பாடுபட்டுத் தமிழ் கற்ற பின்பும் கரிசல் ஊர்கள் பலவற்றில் வீட்டுக்குள்ளே ஒலித்த மொழி தெலுங்கு. விசயநகரக் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்து குடியேறியவரின் வழியினர், வெளியே தமிழும் அடுக்களையில் தெலுங்குமாக வாழ்ந்தனர். ஆண்கள் களத்தில் தமிழில் பேச்சைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியரிடம் தெலுங்கில் அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது கூடாரத்துக்கு எட்டவே எட்டாது.

அக்கூடாரத்துக்கு ஊர்க்காரர் வாராமல் இல்லை. சிலர் மருந்து கேட்டும், சிலர் வேடிக்கை பார்க்கவும், சிலர் வழக்குரைக்கவும் வந்திருப்பார்கள். வெள்ளைத் தோலைக் கண்டால் கும்பினியின் நினைவு எழுவது இயல்பு. புலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டை 1767இல் கும்பினிப் படையிடம் வீழ்ந்த கதையைத் தாத்தாவிடம் கேட்டவர்கள், 1799லும் 1801லும் நடந்த பாளையப் போர்களைச் சிறுவயதில் கண்டவர்கள், 1854இல் உயிரோடு இருந்தனர். ‘இவர் கலெக்டருக்கு உறவா? இவரிடம் சொன்னால் தீர்வை குறையுமா?’ என்று அவர்கள் எண்ணியிருந்தால் அது தவறா? அதிகாரம் இல்லாமல் வந்த வெள்ளையரை அதிகாரம் இல்லாதவர் என்று நம்பவைப்பதே அந்த இளைஞரின் பாதி வேலையாக இருந்திருக்க வேண்டும்.

அதில் அவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் தமிழரே. தென் திருநெல்வேலியின் கிறிஸ்தவச் சபைகள் தம் உபதேசியார்களை முறை வைத்து, மாதத்துக்குச் சிலராக, வடக்கே அனுப்பின. அவர்களுக்கு ஆகும் செலவை அனுப்பிய சபையாரே ஏற்றனர். பனை ஏறியும் கூலி செய்தும் பிழைத்த ஏழைச் சபைகள் அவை என்பதை மறக்கலாகாது. அந்த உபதேசியார் ஒரு மாதம் குடும்பத்தைப் பிரிந்து, பல நாள் நடந்து, கூடாரத்தை அடைந்து, வெள்ளையரோடு காலையும் மாலையும் ஊர்களுக்குச் செல்வார். பழமொழி தெரிந்தவர் அவர். எந்த ஊரில் எந்தச் சாதியாருக்கு எந்தக் கிணறு என்று அறிந்தவர் அவர். கேட்போர் முகம் கடுத்தால் உணர்ந்து பேச்சைத் திருப்ப வல்லவர் அவர். அவருக்கும் இழிவு வந்தது. சில இடங்களில் வெள்ளையருக்குக் கிடைத்த மரியாதையில் பாதியும் அவருக்குக் கிடைத்திராது. ஐயர்மார் பேச்சைத் தொடங்கினர் என்றால், அதைப் புரியவைத்து முடித்தவர் உபதேசியாரே என்று கொள்வதில் பிழையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரிசல் மண் களிம்பாகிவிடும். வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும், மாடு படுத்துவிடும், கூடாரத் துணி நனைந்து கனக்கும். காய்ச்சலும் வாந்திபேதியும் எந்த ஊரிலும் காத்திருந்த காலம் அது. இரண்டு நாள் நடையில் குற்றாலம் இருந்தது. ஐரோப்பிய அதிகாரிகள் கோடைக்கும் சாரலுக்கும் அங்கே வீடு கொண்டிருந்தனர். ஆயினும், ராக்லண்ட் ஐயர் தம் நுரையீரல் நோயோடு வறண்ட நிலத்திலேயே இருந்தார். 1858ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22ஆம் நாள் சிவகாசியில் திடீரென்று இரத்தம் கக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. பணி தொடங்கி ஐந்து ஆண்டுகூட நிறையவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர்கள் பேச்சைக் கேட்டுச் சமயம் மாறியோர் மிகச் சிலரே. திட்டத்திலேயே ஒரு குறை இருந்ததாக நான் கருதுகிறேன். மூன்று நாளில் பெயரும் கூடாரம் பேசலாம். பதில் கேட்கக் காத்திருக்க முடியாது. ஒருவன் மனத்தில் ஓர் ஐயம் எழுந்து, அதைப் பத்து நாள் அசைபோட்டு, பதினோராம் நாள் தோப்புக்கு வந்தால் அங்கே முளை அடித்த குழிகளே இருக்கும். பின்னாளில் அவர்களும் இதை உணர்ந்தார்கள் போலும். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரத்தில் நிலையான இடம் அமைந்தது, பள்ளிகள் எழுந்தன. அப்பள்ளிகளில் படித்தோர் தொகையே கூடாரப் பேச்சால் மனம் மாறியோர் தொகையைவிட எத்தனையோ மடங்கு பெரிது. ஃபென், ராக்லண்டுக்குப் பின்னும் இருபது ஆண்டு தமிழ்நாட்டிலேயே உழைத்து, 1878இல் சென்னையில் காலமானார்.

ராக்லண்ட் ஐயரைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நூல்கள் உண்டு. ஒன்றை அவர் கல்லூரி நண்பர் பெரவுன் 1861இல் வெளியிட்டார். மற்றொன்றை டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922இல் எழுதினார். மாதம் ஒரு முறையாகத் தெற்கிலிருந்து நடந்து வந்து, மாதம் முடிந்ததும் தம் பனங்காட்டுக்குத் திரும்பிய உபதேசியார்களுக்கு அத்தகைய நூல் ஏதும் எழுதப்படவில்லை.