எல்லைக் குன்றுகளின் ஆட்டுக்குட்டிகள்

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொட்டுக்கொள்ளும் குன்றுச் சரிவுகளில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், குட்டி ஈனும் பருவம் என்றாலே மேய்ப்பர்களுக்குக் கலக்கம். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகள் பால் குடிக்காமல் சுருண்டு, ரத்தமாய்க் கழிந்து, ஓரிரு நாளில் மடிந்தன.

இத்தகைய நோய்களை ஆராய, 1920-இல் ஸ்காட்லாந்து விவசாயிகளே கால்நடை நோய் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர்.

அந்தப் பத்தாண்டிலேயே கால்நடை மருத்துவ அறிஞர் தாமஸ் டாலிங், குடலைப் புண்ணாக்கும் கிருமியைக் கண்டறிந்தார்: காற்றில்லாமல் பெருகும் கிளாஸ்ட்ரிடியம். அதன் நச்சை டிரிப்சின் என்ற செரிமான நொதி சிதைத்துவிடும். ஆனால் சீம்பாலில் அந்த நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு. பச்சிளங்குட்டிகள் எளிதில் பலியானதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே சீம்பால் காப்பாகவும் மாறியதுதான் பெரும் வியப்பு. தொடக்கத்தில், பிறந்தவுடன் குட்டிக்கே சீரம் ஊசி போட்டார்கள். பிறகு சினையாட்டுக்குத் தடுப்பூசி வந்தது. தாயின் எதிர்ப்பொருள் முதல் பாலோடு குட்டிக்குச் சேர்ந்தது. பட்டிகளில் சாவு வெகுவாகக் குறைந்தது.