கோடை விடுமுறையில் உறங்கும் தோட்டம்

கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் நவம்பர் வாக்கில் தொடங்கும் மழை ஏப்ரலுக்குள் ஓய்ந்து, பின்னர் ஏறத்தாழ ஆறு மாதம் வானம் வறண்டே கிடப்பதால், அம்மண்ணின் நாட்டுச்செடிகள், அதாவது ஐரோப்பியர் வருமுன்பே அங்குத் தாமாக வளர்ந்தவை, மழையில் துளிர்த்துக் கோடையில் உறங்கும் இயல்புடையன. குடியேறியோர் விரும்பிய புல்தரையோ கோடையிலும் மழை பெறும் நாடுகளுக்குரியது. கலிஃபோர்னியாவில் அதற்குக் குழாய்நீரே மழை.

நாட்டுச்செடிகளுக்காக முதலில் வாதாடியோருள் ஒருவரான தியோடர் பெய்ன் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பது வியப்புக்குரியது. 1903இல் லாஸ் ஏஞ்சலிஸில் நாற்றுப்பண்ணை தொடங்கிய அவர், 1915இல் அந்நகரின் எக்ஸ்பொசிஷன் பூங்காவில் ஐந்து ஏக்கரில் 262 வகைச் செடிகளை வளர்த்துக் காட்டினார். பள்ளிகள் அவ்வழியில் உடனே செல்லவில்லை. முதல் உலகப்போரின்போது அமெரிக்கக் கூட்டரசு அமைத்த பள்ளித் தோட்டப் படை மாணவரைக் காய்கறி விளைவிக்கவே ஏவியது. 1970களின் தொடக்கத்தில்தான் பெர்க்லி நகரின் வாஷிங்டன் தொடக்கப்பள்ளியில், வடிவமைப்பாளர் ராபின் மூரின் முயற்சியால், பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் கூடி விளையாட்டிடத்தின் தார்த்தளத்தைப் பெயர்த்துக் குளமும் சோலையும் உண்டாக்கினர்.

நாட்டுச்செடித் தோட்டங்களைப் பரப்பியதில் வறட்சிக்கே பெரும்பங்கு உண்டு. 1981இல் டென்வர் நகரின் குடிநீர்த்துறை, 'உலர்ந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஜீரிஸ்கேப்' என்னும் பெயரைச் சிக்கனநீர்த் தோட்டக்கலைக்குச் சூட்டியது. 2015 ஏப்ரல் 1 அன்று கலிஃபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், நகர்ப்புற நீர்ப்பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்கவும் 5 கோடி சதுர அடிப் புல்தரையை மாற்றவும் ஆணையிட்டார்.

புல்லை அகற்றத் தன்னார்வலர் பெரிதும் கையாளும் முறை எளியது: புல்லை ஒட்ட வெட்டி நனைத்து, நாடா நீக்கிய பழைய அட்டைப்பெட்டிகளை விளிம்போடு விளிம்பு மேற்கவியுமாறு பரப்பி, மீண்டும் நனைத்து, நான்கு விரற்கடைக்குக் குறையாமல் மரச்சீவலை மூடாக்காக, அதாவது மண்ணை மூடிக்காக்கும் போர்வையாக, இடுவர். ஒளியின்றிப் புல் மடிய, அட்டை மட்கி மண்ணாகும். மழைக்கு முன்னர் நடுவதால் வேர்பிடிக்கும் வேலையில் பாதியை வானமே செய்துவிடும்.

காய்கறித் தோட்டம் தண்ணீர் வார்க்க ஆளின்றிக் கருகுவது பள்ளி பூட்டிக்கிடக்கும் கோடையில்தான். நாட்டுச்செடி உறங்குவதும் அப்போதே. வறட்சியைக் காட்டிலும் இப்பொருத்தமே இத்தோட்டங்களைப் பள்ளிகளில் நிலைக்கச் செய்தது எனக் கருத இடமுண்டு. எனினும் உறங்கும் செடிக்கு இரக்கப்பட்டு நீர் வார்ப்பதும் தீங்கே: வெப்பமான ஈரமண்ணில் சியனோத்தஸ் என்னும் நீலப்பூச்செடிக்கு வேரழுகல் பற்றிக்கொள்ளும். ஆனால் புதிதாய் நட்ட செடிகளுக்கோ முதலிரு கோடைகளில் இடைவெளிவிட்டு ஆழமாக நீர் பாய்ச்சியாக வேண்டும்; அதற்குப் பெற்றோர் முறைவைத்துக்கொண்டு, விடுமுறையிலும் பள்ளிக்கதவின் சாவியைக் கைமாற்றிக்கொள்கின்றனர்.